நிற்க மாட்டாத குட்டி

உடப்பிலிருந்து கற்பிட்டி முனை வரை நீண்டு கிடக்கும் மணற்கரையில் அடம்பன் கொடி படராத மேடு அரிது. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று நம்மவர் பழமொழி சொல்வதும் இக்கொடியைப் பற்றித்தான். சங்கப் புலவர்கள் இதனை அடும்பு என்றனர். நடுவே பிளந்து நிற்கும் அதன் இலையைக் கண்டபோது குறுந்தொகைப் புலவர் ஒருவருக்கு மானின் அடி நினைவுக்கு வந்தது. பல நூற்றாண்டுகள் கழித்து, 1753-ஆம் ஆண்டில், சுவீடன் தேசத்துத் தாவரவியலறிஞர் லின்னேயஸ் அதே கொடிக்கு இலத்தீனிற் பெயரிட்டபோது 'ஆட்டின் கால்' என்னும் பொருள்படும் சொல்லைத் தேர்ந்தெடுத்தார். முன்னவர் காதலைப் பாட வந்தவர். பின்னவர் உலகத்துச் செடிகொடிகளுக்கெல்லாம் பட்டியல் எழுத வந்தவர். கவிதைச் சுவை முன்னவரிடமே மிகுதி எனினும், புத்தளக் கரையை அறிந்தவன் என்ற முறையில் என் வாக்கு லின்னேயஸுக்கே. மணலிற் பதிந்து கிடக்கும் குளம்படிகளிற் பெரும்பாலானவை இங்கே வெள்ளாட்டுக்குரியவை.

இக்கரையில் ஆடு என்பது வெறும் பிராணியன்று. மீன்பாடு இல்லாத மாதத்தில் அது வங்கிக் கணக்கு; பிள்ளைக்குச் சப்பாத்தும் கொப்பியும் வாங்க வேண்டிய தை மாதத்தில் அது கைமாற்று; ஹஜ்ஜுப் பெருநாள் வரும்போது நல்ல விலை பெறும் முதல். தென்னந்தோப்பின் கீழும் உப்பளத்தின் வரம்பிலும் மேய்ந்து, யாருக்கும் செலவு வையாமல் வளர்வதால் அதனை ஏழையின் பசு என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவ்வாறிருக்க, அந்த முதலுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு கடன் ஒளிந்திருந்து, இரண்டு தலைமுறை கழித்து வட்டியோடு வெளிப்படுமானால் என்ன செய்வது? அந்தக் கடனைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். கதை தொடங்குவது அடம்பன் கொடியின் உறவுமுறைச் செடியொன்றில்.

தமிழ்நாட்டில் நெய்வேலிக் காட்டாமணக்கு என்று அழைக்கப்படும் செடியை வாசகர்களிற் பலர் கண்டிருப்பர். குளக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் புதராக வளர்ந்து, ஊதா கலந்த வெண்சிவப்பிற் புனல்போன்ற பூக்களைத் தாங்கி நிற்கும். பெயரில் ஆமணக்கு இருந்தாலும் அது ஆமணக்கின் சாதியன்று. அடம்பன் கொடியின் குடும்பம். தென்னமெரிக்காவிலிருந்து வந்து வெப்ப நாடுகளெங்கும் குடியேறிவிட்டது. வேறு பசுமை இல்லாத வறட்சிக் காலத்தில் இதனை வாரக்கணக்கில் தின்ற வெள்ளாடு முதலில் மெலியும். பிறகு தலை நடுங்கும். கால் எங்கே வைக்கிறோம் என்று அறியாமல் வைத்து விழும். நஞ்சு என்றால் வயிற்றைத் தாக்கும் என்று நாம் எண்ணுகிறோம். இந்த நஞ்சு செய்யும் வேலை அதனினும் நுட்பமானது. சுவைன்சொனின் என்பது அதன் பெயர். அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர், தம் நாட்டுச் செம்மறிகளைத் தள்ளாட வைத்த சுவைன்சோனா என்ற செடியிலிருந்து 1979-இல் அதனைப் பிரித்தெடுத்தனர். காட்டாமணக்கில் அந்நஞ்சை ஆக்குவது செடியுமன்று, செடியோடு கூடி வாழும் ஒரு பூஞ்சணம் என்பது பின்னர் தெரியவந்தது.

அந்நஞ்சு ஆட்டின் உடலில் முக்கியமான ஒரு நொதியத்தின் கையைக் கட்டிப்போடுகிறது. அல்பா மனோசிடேஸ் என்பது அந்த நொதியம். மேய்ச்சலைக் காலத்தோடு மாற்றினால் ஆடு பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் அதே நொதியம் பிறவியிலேயே இல்லாத உயிர்களும் உண்டு. அவை எந்தச் செடியையும் தின்றதில்லை. தாயின் பால் தவிர வேறொன்றும் அறியாத கன்றும் குட்டியும் அவ்வாறே தள்ளாடி விழுகின்றன. அவற்றுக்கு மாற்ற வேண்டிய மேய்ச்சல் ஏதும் இல்லை.

நொதியம் ஒன்று இல்லாமற்போனால் ஏன் இத்தனை துன்பம்? புத்தளத்துக்காரருக்கு இதனை விளக்கத் தேங்காய்த் தோட்டமே போதும். அலவாங்கிற் குத்தி மட்டையை உரிப்பவர் ஒருவர். உரித்த காயை உடைப்பவர் ஒருவர். உடைத்ததைப் புகையிலும் வெயிலிலும் காயவைத்துக் கொப்பரா ஆக்குபவர் ஒருவர். உரிப்பவர் ஒரு நாள் வரவில்லையென்றால் உடைப்பவரும் காயவைப்பவரும் கைகட்டி நிற்க வேண்டியதுதான். மரமோ காய்ப்பதை நிறுத்தாது. பறித்த காய் முற்றத்திற் குவியும். குவியல் வழியை மறிக்கும். கடைசியில் வீட்டுக்காரரே உள்ளே நுழைய முடியாது.

உடலின் ஒவ்வொரு கலத்தினுள்ளும் இத்தகைய முற்றங்கள் உள்ளன. பழுதான புரதங்கள், கொழுப்புகள், வெல்லச் சங்கிலிகள் எல்லாம் அங்கே கொண்டுவரப்பட்டுக் கண்ணி கண்ணியாகக் கழற்றப்படுகின்றன. ஒவ்வொரு நொதியமும் ஒரு கண்ணியை மட்டுமே கழற்றத் தெரிந்தது. அடுத்த கண்ணி அடுத்த நொதியத்தின் பொறுப்பு. ஒருவர் வராவிட்டால் சங்கிலி அவ்விடத்திலேயே தேங்கும். கலம் வீங்கும். தோலின் கலம் உதிரும், குடலின் கலம் உதிரும், புதிது பிறக்கும். ஆனால் மூளையின் நரம்புக் கலம் வாழ்நாள் முழுதும் மாறாதிருப்பது. ஆகவே குப்பையின் பாரத்தை முதலில் உணர்வதும் அதுவே.

இந்த முற்றத்துக்கு இலைசோசோம் என்று பெயரிட்டவர் பெல்ஜிய நாட்டு லூவேன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்தியான் டி டூவே. எலியின் ஈரலை அரைத்து ஒரு நொதியத்தை அளந்துகொண்டிருந்த அவர் குழுவினர், எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த அளவே கிடைக்கக் கண்டு, மாதிரியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுச் சென்றனர். சில நாள் கழித்து மீண்டும் அளந்தபோது நொதியம் பெருகியிருந்தது! உண்மையில் அது பெருகவில்லை. ஏதோ ஒரு பைக்குள் அடைபட்டிருந்தது, பை கிழிந்ததும் வெளியே வந்தது. 1949-இல் நடந்த இந்தச் சிறு நிகழ்ச்சியிலிருந்து 1955-இல் இலைசோசோம் என்னும் பெயரும், 1974-இல் நோபெல் பரிசும் பிறந்தன. அதே ஆய்வுகூடச் சூழலில் ஹென்றி-ஜெரி ஹேர்ஸ் என்பவர் 1963-இல், பொம்பே நோய் எனப்படும் குழந்தை நோய்க்குக் காரணம் இலைசோசோமில் ஒரு நொதியம் இல்லாமையே என்று காட்டினார். இவ்வகை நோய்களில் முதன்முதலாக விளங்கிக்கொள்ளப்பட்டது அதுதான். அந்நோயை 1932-இல் விவரித்த ஒல்லாந்து மருத்துவர் பொம்பே, நாசிப் படையை எதிர்த்த குற்றத்துக்காக 1945-ஆம் ஆண்டு ஏப்ரிலில் சுட்டுக்கொல்லப்பட்டார். தாம் பெயர் தந்த நோயின் காரணத்தை அவர் அறிந்ததில்லை.

கால்நடைகளின் கதையில் மிக விரிவாக எழுதப்பட்டிருப்பது நியூசிலாந்தின் அங்கஸ் மாடுகளின் அத்தியாயம். கறுப்பு நிறமும் கொம்பில்லாத தலையும் உடைய இந்த இறைச்சி இனம் ஸ்கொத்லாந்திலிருந்து சென்று அங்கே பெருகியது. சில கன்றுகள் பிறந்து சில வாரமோ மாதமோ ஆனதும் தலையை ஆட்டத் தொடங்கும், நடை தடுமாறும், மனிதரைக் கண்டால் மருளாமல் முட்ட வரும், தீனி கிடந்தும் தேறாது, ஓராண்டுக்குள் பெரும்பாலும் மடியும். அவுஸ்திரேலியாவில் 1957-இலேயே இது விவரிக்கப்பட்டது எனினும் காரணம் தெரியவில்லை. 1967-இல் சுவீடனில் மனிதக் குழந்தையொன்றில் அல்பா மனோசிடேஸ் இல்லாமையை ஒக்கர்மன் கண்டறிந்தார். 1972-இல் நியூசிலாந்தின் ஜொலியும் அவர் தோழர்களும் அங்கஸ் கன்றுகளிலும் அதுவே குறை என்று நிறுவினர். காட்டாமணக்கின் நஞ்சு கட்டிப்போடுகிறதே, அதே நொதியம்.

இனி ஒரு கணக்கு. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பித்தவன் கணக்கின்றிக் கட்டுரை எழுத மாட்டான் என்பதை வாசகர் மன்னிப்பாராக.

ஒவ்வொரு விலங்கும் ஒவ்வொரு பரம்பரையலகையும் இரட்டையாகப் பெறுகிறது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதாயினும் மற்றது நொதியத்தைப் பாதியளவாவது ஆக்கும், பாதி போதும். அவ்விலங்கு கொழுகொழுவென்று வளர்ந்து கண்காட்சியிற் பரிசும் வாங்கும். இத்தகையதைக் காவி என்கிறோம். இரண்டு காவிகள் கூடினால் நான்கில் ஒரு கன்றுக்குப் பழுதான இரண்டும் ஒருங்கே சேரும். நோய் காண்பது அதற்குத்தான். நியூசிலாந்து அங்கஸ் மாடுகளில் பத்தில் ஒன்று காவியாக இருந்தது. பத்தில் ஒன்று பத்தில் ஒன்றைச் சேர்வது நூற்றில் ஒரு கூட்டு. அதன் கன்றில் நான்கில் ஒன்று நோயாளி. ஆக 400 கன்றுக்கு ஒன்று. இது சிறிது என்று தோன்றும். ஓர் இலட்சம் கன்று பிறந்தால் 250 கன்று பிறவியிலேயே சாவுக்கு விதிக்கப்பட்டவை என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 250 கன்று மடிகையில், அவற்றின் பழுதைச் சுமந்துகொண்டு நலமாகத் திரியும் காவிகளோ 10,000. நோய்ப்பட்ட கன்றை அகற்றுவதால் மட்டும் நோய் ஒழியாது. அது தன்னைத்தானே அகற்றிக்கொள்கிறது. தொல்லை இருப்பது நலமுள்ள உடலில். ஜொலி குழுவினரின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. காவியின் குருதியில் நொதியம் ஏறத்தாழப் பாதியே இருக்கும் என்பதைப் பற்றிக்கொண்டு, ஒரு குழாய் இரத்தத்தில் காவியைப் பிரித்தறியும் சோதனையை அவர்கள் அமைத்தனர். 1970-களில் இன விருத்திப் பட்டிகளின் காளைகளை நிரைநிரையாகச் சோதித்தனர். பெருமளவிற் கன்று ஈனச் செய்யும் காளை ஒன்று காவியானால் விலக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அந்நோய் அரிதாயிற்று. 1997-இல் பழுது எந்த எழுத்தில் இருக்கிறதென்றே கண்டுபிடிக்கப்பட்டது: புரதத்தின் 321-ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலத்துக்குப் பதில் இன்னொன்று. கல்லோவே என்னும் வேறோர் இனத்தில் 221-ஆம் இடத்தில் வேறொரு மாற்றம். நோய் ஒன்று, எழுத்துப் பிழை இரண்டு.

அங்கஸ் மாடு நமக்கு அந்நியம் என்று சிலர் எண்ணலாம். ஆனால் இவ்வத்தியாயத்தின் வேறு பக்கங்களில் நம் வீட்டு இரத்தமே ஓடுகிறது. ஆந்திரத்து ஒங்கோல் மாடு, குஜராத்தின் கிர், காங்கிரேஜ் ஆகியவற்றை அமெரிக்கர் கொண்டுசென்று கலந்து உருவாக்கிய இனத்துக்குப் பிராமன் என்று பெயர். 1933-இல் அது அவுஸ்திரேலியாவுக்குச் சென்றது. வெப்பத்தையும் உண்ணியையும் தாங்குவதால் குயின்ஸ்லாந்தின் மேய்ச்சல் நிலங்களை நிரப்பியது. அங்கே பிராமன் கன்றுகளிற் காணப்பட்டது மேலே சொன்ன பொம்பே நோயே. தசைகளிற் கிளைக்கோசன் தேங்கி, கன்று வளர்ச்சி குன்றி, எழ வலுவிழந்து மடியும். பழுதான எழுத்துகள் அறியப்பட்டு, காளைகள் சோதிக்கப்பட்டு, அங்கும் நோய் ஒடுக்கப்பட்டது.

வெள்ளாட்டுக்கு வருவோம். நீண்டு தொங்கும் காது, கிளிமூக்குப் போல் வளைந்த முகம், உயர்ந்த கால் என்றெல்லாம் நாம் வியக்கும் ஜம்னாபாரி, உத்தரப் பிரதேசத்தில் யமுனைக்கும் சம்பலுக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்குகளின் ஆடு. யமுனைக்கு அப்பாலுள்ளது என்பதே பெயரின் பொருள். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்து திரும்பும் கப்பல்களிற் பாலுக்கும் இறைச்சிக்குமாக ஆடுகள் ஏற்றப்பட்டன. இலண்டன் துறையில் இறங்கிய கிடாய்களுள் ஜம்னாபாரியும் இருந்தது, எகிப்தின் சரைபியும் இருந்தது. அவற்றை ஆங்கில மறிகளோடு சேர்த்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாக்கிய இனம் ஆங்கிலோ-நூபியன். அதிலிருந்து அமெரிக்காவின் நூபியனும் வந்தது. ஈழநாட்டுக்கும் நாட்டாட்டைப் பெரிதாக்கவென ஜம்னாபாரி வந்தது. புத்தளம் மாவட்டத்துக் கொட்டுக்கச்சியப் பண்ணை, தன் பெயரையே ஓர் ஆட்டினத்துக்குத் தந்திருக்கிறது என்பதையும் நம் மாணவர் அறிந்திருத்தல் நன்று.

ஆங்கிலோ-நூபியன் குட்டிகளில் 1973-இல் அவுஸ்திரேலியர் ஒரு விசித்திரத்தைப் பதிந்தனர். குட்டி பிறந்தவுடன் எழ முயலும், முடியாது. முன்முழங்கால் மடங்கி விறைத்திருக்கும். பின்காலின் குளம்புக்கு மேலுள்ள மூட்டு தளர்ந்து சரியும். கண்மணி இங்குமங்கும் துள்ளும். முலைக்காம்பை நோக்கித் தலையைக் கொண்டுபோகும்போது நடுக்கம் கூடும். தாய் கத்தினாலும் காது கேளாது. மூளையை வெட்டிப் பார்த்தால், நரம்பிழைகளைப் போர்த்தியிருக்க வேண்டிய வெண்ணிறக் கொழுப்புறை உருவாகவேயில்லை. 1981-இல் காரணம் தெரிந்தது. அல்பா மனோசிடேஸின் உறவினரான பீட்டா மனோசிடேஸ் என்னும் நொதியம் இக்குட்டிகளில் இல்லை. அமெரிக்காவின் மிச்சிகனில் இதனை ஆராய்ந்தவர்கள் பின்னர் நூபியன் ஆடுகளில் மற்றொரு தேக்க நோயையும் கண்டனர். அது 1992-இல் விவரிக்கப்பட்டது. மிச்சிகனிற் சோதிக்கப்பட்ட நூபியன்களில் ஏறத்தாழ நாலில் ஒன்று அதன் காவி. நாலில் ஒன்று! பாலுக்கும் அழகுக்கும் புகழ்பெற்ற சில கிடாய்களின் சந்ததியே பட்டிதோறும் நிறையும்போது நிகழ்வது இதுவே.

இதனையெல்லாம் நூலகத்தில் மட்டும் படித்திருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் முந்தல் களப்பின் அருகே ஒரு வீட்டுக்கு என் பழைய மாணவன் ஒருவன் அழைத்துச் சென்றான். வீட்டுக்காரி கணவனைக் கடலிற் பறிகொடுத்தவள். பன்னிரண்டு ஆடுகளே அவளுக்குச் சீவனம். முற்றத்து மணலில் சாக்கு விரித்து ஒரு குட்டியைக் கிடத்தியிருந்தாள். பிறந்து மூன்று நாள். தலையைத் தூக்கும், தூக்கியதும் நடுங்கிச் சரியும். துணித் திரியால் பால் புகட்டிக்கொண்டே அவள் சொன்னாள்:

"மாஸ்டர், இதோட மூண்டாவது. ஒண்டும் கால் ஊண்டேல்லை. என்ட கைராசிதான் சரியில்லை எண்டு சனம் சொல்லுது. கட்டினவனையும் கடல் கொண்டுபோச்சுது, குட்டியும் நிக்குதில்லையாம்."

கைராசி என்பதற்கு நான் உடனே மறுமொழி சொல்லவில்லை. உடன் வந்திருந்த மிருக வைத்தியர் முதலில் வேறு காரணங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். நிற்க மாட்டாத குட்டியெல்லாம் பரம்பரை நோயுடையதன்று. தாயின் தீனியில் செம்புச் சத்துக் குறைந்தாலும் குட்டியின் பின்கால் சோரும். தொப்புள் வழி நஞ்சேறினும் மூட்டு வீங்கிக் கிடக்கும். ஏர்ப்புவலி வந்தால் உடல் விறைக்கும். காட்டாமணக்கைத் தின்ற சினையாட்டின் குட்டியும் தள்ளாடும். எடுத்த எடுப்பில் பரம்பரை என்று சொல்பவர் நல்ல வைத்தியரல்லர். அவர் குருதி எடுத்தார், தொப்புளைப் பார்த்தார், வேலியோரத்துச் செடிகளைச் சுற்றிப் பார்த்தார். நான் என் வேலையைச் செய்தேன். ஒரு கொப்பித் தாளைக் கிழித்து அவள் பட்டியின் வமிசாவளியை எழுதினேன்.

எழுத்தறிவு குறைந்தவளாயினும் தன் ஆடுகளின் உறவுமுறை அவளுக்கு மனப்பாடம். எந்த மறி எந்த ஆண்டு யாருக்கு ஈன்றது என்பதெல்லாம் ஊர்க்கோயிற் திருவிழாவை வைத்துச் சொன்னாள். உடப்புத் தீமிதிக்கு முந்தின கிழமை, அதற்கு அடுத்த மாரி, என்று அவள் சொல்லச் சொல்லத் தாளில் கோடுகள் சேர்ந்தன. கிடாய் ஒன்றே. ஐந்தாண்டுக்கு முன் நல்ல விலை கொடுத்து வாங்கிய நீண்ட காதுக் கிடாய். வெளியூரார் கூடத் தம் மறிகளைக் கொண்டுவந்து சேர்ப்பதுண்டு. வாங்கி வந்த மறிகள் ஈன்ற குட்டிகள் அனைத்தும் நலம். விழுந்த மூன்று குட்டிகளும் இரண்டு மறிகளின் வயிற்றில் வந்தவை. அவ்விரண்டு மறிகளும் அதே கிடாயின் மகள்கள்.

நோயின் பெயரை ஆய்வுகூடம் சொல்லட்டும். அது வரும் வழி அந்தத் தாளிலேயே எழுதியிருந்தது. காவிக் கிடாய் ஒன்று பழுதற்ற மறிகளைச் சேர்ந்தால் ஒரு குட்டியும் விழாது. ஆனால் மகள்களிற் பாதிப்பேர் காவி ஆவர். அந்த மகள்களை மீண்டும் அக்கிடாயே சேர்ந்தால், எட்டில் ஒரு குட்டி விழும். கிடாயை வாங்கி முதல் இரண்டு ஆண்டும் வீடு செழித்ததும், அதன் பிறகு 'கண்ணூறு பட்டதும்' இதனால்தான். பாதிக் குற்றம் மறிக்கு, பாதி கிடாய்க்கு, கைக்கு ஒன்றுமில்லை.

"தங்கச்சி, உன் கையில் ஒரு குற்றமும் இல்லை" என்று தாளைக் காட்டி விளக்கினேன். அவள் நெடுநேரம் கோடுகளைப் பார்த்திருந்தாள். பிறகு கேட்ட கேள்வி எங்கள் இருவரையும் வாயடைக்க வைத்தது.

"அப்ப இந்தக் கிடாயை என்ன செய்யிறது, மாஸ்டர்? குட்டி போடுறதுக்கு எண்டு வித்தால் ஒரு விலை, இறைச்சிக்கு வித்தால் அதில பாதிதான். வாங்கிறவனுக்குச் சொல்லாமல் விட்டால் அவன்ட பட்டியிலயும் இதுதானே?"

மரபியலின் முழுச் சிக்கலும் அந்தக் கேள்வியில் அடங்கியிருந்தது. காவியை விலக்குவதால் வரும் நட்டத்தை இங்கே ஒரு விதவை தனியே ஏற்க வேண்டியிருந்தது. அக்கிடாய் பிறவற்றினும் அழகானது, பெரியது. வெளித்தோற்றத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாதது. ஆராய்ச்சி நிலையங்கள் பேராதனையிலும் கன்னொறுவையிலும் இருக்கின்றன. முந்தல் களப்பிலிருந்து அவை நெடுந்தூரம். அவள் கிடாயை இறைச்சிக்கே விற்றாள். அந்தக் காசில் வாங்கிய மாற்றுக் கிடாய் சிறியது, காது குறுகியது, தூரத்து ஊரினது. வெளியூரார் பின்னர் மறி கொண்டுவரவில்லை என்று என் மாணவன் சொன்னான்.

கிடாயை இரண்டாண்டுக்கொரு முறை தூரத்துப் பட்டியோடு மாற்றிக்கொள்வதும், மகள்கள் சினைப்படும் வயதுக்கு வருமுன் அதனை அகற்றுவதும் செலவில்லாத காரியங்கள். சோதனைச்சாலை இல்லாத ஊருக்கு இதைவிட நல்ல சோதனைச்சாலை இல்லை. ஆனால் இந்தக் கரையில் நல்ல கிடாய் நாலைந்து ஊருக்கு ஒன்றே என்பதால், மாற்றிக்கொண்டாலும் அண்ணன் தம்பியையே மாற்றிக்கொள்ளும் நிலை வருகிறது. திணைக்களத்தார் கிடாய் வழங்கும்போது அதன் தாய்தந்தை விவரத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால், அவளைப் போன்றவர்களுக்குத் தாள் கிழிக்க ஒரு மாஸ்டர் வேண்டியிராது.

ஆட்டுப்பட்டியைப் பற்றிப் பேசிவிட்டு வீட்டுக்குள் எட்டிப் பாராமற் போவது நேர்மையாகாது. மச்சான் மச்சாள் மணம் நம்மிடையே உரிமை. தமிழ்நாட்டின் சில குடும்பங்களில் அக்காள் மகளை மணப்பதும் வழக்கமாயிருந்தது. பாட்டனொருவர் இத்தகைய பழுதொன்றின் காவியாக இருந்தால், மச்சான் மச்சாளுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு அது இரட்டையாக வந்து சேரும் வாய்ப்பு 64-இல் ஒன்று. அக்காள் மகளை மணந்தால் 32-இல் ஒன்று. கிடாய்க்கும் மகளுக்கும் எட்டில் ஒன்று என்பதோடு ஒப்பிட இது சிறிதே. இதனைச் சொல்லி எவரது மணத்தையும் இழிவுபடுத்த நான் வரவில்லை. உறவில் மணந்தவர்களிற் பெரும்பாலானோரின் பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள். ஆயினும் ஒரே குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் வளர்ச்சி பின்வாங்கி மடிந்தால், மருமகளின் ராசியை ஆராய்வதை விட்டு வமிசாவளியை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அந்த ஆட்டுக்காரி கேட்ட பழி, எத்தனையோ தாய்மாரும் கேட்டுவரும் பழியே.

மருந்து உண்டா என்று கேட்பர். இதற்கும் ஒரு கன்றே முதலிற் பதில் சொன்னது. 1968-இல் அமெரிக்காவில் எலிசபெத் நியூபெல்ட் குழுவினர், வெவ்வேறு தேக்க நோயுடைய இருவரின் தோற் கலங்களை ஒரே கிண்ணத்தில் வளர்த்தபோது, ஒன்றிடம் இல்லாததை மற்றது கசியவிட்டு இரண்டும் நலமுறுவதைக் கண்டனர். கலத்துக்குக் கலம் நொதியம் கடன் கொடுக்குமானால், உடலுக்கு உடலும் கொடுக்கலாகாதா? மாடு இரட்டைக் கன்று சுமக்கையில் இரண்டின் குருதியும் கருவிலேயே கலந்துவிடுவதுண்டு. நியூசிலாந்தில், பிறவிப்படி மனோசிடோசிஸ் நோயுடைய ஓர் அங்கஸ் கன்று, தன் நலமுள்ள இரட்டையின் குருதிக் கலங்களையும் சுமந்து பிறந்தது. நோய் தணிந்திருந்தது. இயற்கை தானே செய்து காட்டிய இந்தச் சோதனையை ஜொலி குழுவினர் 1976-இல் குழந்தை மருத்துவ ஆராய்ச்சி இதழொன்றில் வெளியிட்டனர். 1981-இல் இலண்டன் மருத்துவர்கள், ஹர்லர் நோய் என்னும் தேக்க நோயுடைய குழந்தைக்கு என்பு மச்சை மாற்றியதால் நோய்க்குறிகள் தணிந்ததை அறிவித்தனர். பொம்பே நோய்க்கு நொதியத்தையே ஊசி வழி ஏற்றும் மருந்து 2006-இல் அனுமதி பெற்றது. அதன் விலை எளிய குடும்பத்துக்கு எட்டாதது.

நிற்க மாட்டாத நூபியன் குட்டியின் கதையிலும் இன்னும் ஒரு வரி மிச்சமிருக்கிறது. 1981-இல் பீட்டா மனோசிடேஸ் குறையை ஆட்டிற் கண்டபோது மனிதரில் அத்தகைய நோய் எதுவும் அறியப்பட்டிருக்கவில்லை. ஆட்டின் சிறுநீரிலும் திசுவிலும் எந்த வெல்லத் துண்டு தேங்குகிறது என்று தெரிந்த பிறகே, மருத்துவர்கள் அதனை மனிதரிலும் தேடத் தொடங்கினர். 1986-இல், வளர்ச்சி குன்றிப் பெயரற்ற நோயோடு மருத்துவமனை ஏறி இறங்கிய சிலரிடம் அதே நொதியம் இல்லையென்று கண்டுகொண்டனர். அவர்கள் நோய்க்குப் பெயர் ஐந்தாண்டுகளுக்கு முன்பே, ஓர் ஆட்டுப்பட்டியில் இடப்பட்டிருந்தது.